சகல காரியங்களுக்கும் டைரக்டர்

ஒரு நிறுவனத்துக்குப் பாரம்பரியம் என்று ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பது எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு, அக்டோபர் பதினான்காம் தேதி காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. அதுவரை பதினெட்டு வருஷமாக, அது இல்லாமலேயே கட்டடம் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டடங்களும் ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

என் பெயர் ஜெய்னுலாப்தீன். சொந்த ஊர் கீழக்கரை. துபாய் அல் கூஸில் இருக்கும் ஒரு கட்டுமானக் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் சர்க்குலர் தயாரிப்பது என் வேலை. மேலிடம் நினைப்பதை நான் டைப் அடிப்பேன். நான் அடித்ததை மேலிடம் படிக்காமல் கையெழுத்துப் போடும். இந்த ஏற்பாட்டில் அதுநாள்வரை யாருக்கும் குறை இருந்ததில்லை.

அன்று காலைக் கூட்டத்தில் எங்கள் மனிதவள டைரக்டர் மனம் திறந்து பேசினார். அவர் ஐரோப்பியர். அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக டிசம்பர் வந்தால் பாலே பார்க்கப் போவார்களாம். அது இல்லாவிட்டால் பண்டிகை வந்த மாதிரியே இருக்காதாம். இந்த வருஷம் டிசம்பரில் நகரத்தின் பெரிய அரங்கு ஒன்றுக்கு ஒரு பாலே குழு வருகிறது. அதற்கு நாம் ஆதரவாளர்; முதல் இரண்டு வரிசை, நாற்பது நாற்காலி, நமக்கு. மூத்த நிர்வாகிகள் நாற்பது பேரும் போய் ரசித்து, அதை நமது நிறுவனத்தின் மரபாக ஆக்கவேண்டும் என்றார். அனைவரும் கைதட்டினார்கள். மரபு ஏகமனதாக நிறைவேறியது.

பாலே என்றால், கால்விரல் நுனியில் நின்று, வாயே திறக்காமல், ஒரு முழுக் கதையை ஆடிக்காட்டும் மேல்நாட்டு நடனம். இதை நான் அன்று மத்தியானம் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாயங்காலத்துக்குள் ஆபீசிலேயே அது புதிதாக இருந்தது எனக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. திட்டமிடல் பிரிவு நீலா மேடம், தன் மகள் வயிற்றில் இருந்தபோதே பாலே இசைக்குத்தான் உதைப்பாள் என்றார். எங்கள் மனிதவள மேனேஜர் விஜயபாஸ்கர் பொள்ளாச்சிக்காரர். டிசம்பரில் ஒரு பாலே பார்க்காவிட்டால் தமக்கு உடம்பே ஒருமாதிரி ஆகிவிடும் என்றார். எந்த டிசம்பரிலிருந்து என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாரும் பண்பாடு இல்லாதவர்கள் அல்ல. கொள்முதல் பிரிவில் ஒருவர் மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்து 'பேலட்' என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் அவரோடு யாரும் டீ குடிக்கவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் ஒரு சிறு இடைஞ்சல் தெரியவந்தது. பண்டிகைக் காலம் என்பதால் அனைவரும் லீவில் போய்விட்டார்கள். டைரக்டர், குடும்பத்தோடு பாலே பார்க்கத் தன் ஊருக்குப் போனார். ஜனவரி கடைசியில்தான் வருவார். அவர் போனதும் மற்றவர்கள் போனார்கள். நீலா மேடம் ஊட்டிக்குப் போனார். நாற்பது மூத்த நிர்வாகிகளில் துபாயில் மிஞ்சியவர் விஜயபாஸ்கர் ஒருவர்தான். அவர் லீவுக்கு எழுதியபோது கையெழுத்துப் போட ஆள் இல்லை.

அரங்கத்தார் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். முன்வரிசையை டிவி காமிரா எடுக்கும். நாற்காலி காலியாக இருந்தால் ஆதரவாளருக்கு அழகல்ல என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். டைரக்டரும் ஊரிலிருந்து போன் பண்ணி, ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது என்றார். யார் உட்காரவேண்டும் என்று சொல்லவில்லை.

விஜயபாஸ்கர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஜன்னலுக்கு வெளியே தொழிலாளர்கள் தங்கும் எங்கள் கேம்ப். கம்பிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"ஜெய்னு பாய், உட்கார்ந்திருக்கும்போது ஒரு டைரக்டருக்கும் சாரம் கட்டும் ஒரு ஸ்கஃபோல்டருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். "கோட்டு, சார்" என்றேன்.

"கோட்டு வாடகைக்குக் கிடைக்கும்" என்றார்.

அன்றே சர்க்குலர் போட்டோம். கேம்பிலிருந்து முப்பத்தொன்பது பேர், ஆளுக்கு ஒரு நிர்வாகியின் பெயர்ப்பட்டையோடு. வெறுமனே ஆள் அனுப்புகிறோம் என்று எழுதினால் கௌரவமாக இருக்காது. அதனால் பழைய அதிகாரப் பத்திரம் ஒன்றிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டேன்: 'மேற்படி நிகழ்ச்சி தொடங்கியது முதல் முடியும்வரை, மேற்படி பிரதிநிதி மேற்படி அதிகாரியாகவே சகல காரியங்களுக்கும் கருதப்படுவார்.' விஜயபாஸ்கருக்கு வாக்கியம் பிடித்திருந்தது. படிக்காமல் பிடித்திருந்தது. டைரக்டருக்கு ஈமெயிலில் போய், ஐந்து நிமிஷத்தில் ஒப்புதல் வந்தது.

மனிதவள டைரக்டராக நியமனம் பெற்றவர் முனியசாமி. கமுதி பக்கத்துக்காரர். பதினொரு வருஷமாகச் சாரம் கட்டுகிறார். நல்ல உயரம், நரைத்த மீசை. டைரக்டர் அளவுக் கோட்டு அவருக்குத்தான் பொருந்தியது. அவருடைய மகள் அகிலாவுக்குத் தை மாதம் ஏழாம் தேதி கல்யாணம். லீவுக்கு எழுதிக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தத் தாளில் ஃபோர்மேன் கையெழுத்து இருந்தது, சைட் இஞ்சினியர் கையெழுத்து இருந்தது. டைரக்டர் கையெழுத்து போடவேண்டிய கட்டம் மட்டும் காலி. கவுண்டருக்கு வரும்போதெல்லாம், டைரக்டர் வந்ததும் பார்க்கலாம் என்று நானே தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். டைரக்டர் திரும்பும் தேதிக்கு முன்பே தை ஏழு வந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். ஊரிலிருந்து அவர் மனைவி வீரம்மாள், பத்திரிகையில் பேர் அடித்தாகிவிட்டது, ஆள் வருமா வராதா என்று தினம் ஒருதரம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

கேம்ப் மெஸ்ஸில் மூன்று நாள் ஒத்திகை நடந்தது. ரசிப்பது எப்படி என்று விஜயபாஸ்கர் பாடம் எடுத்தார். விசில் அடிக்கக் கூடாது. பொரி, கடலை கூடாது. பாதியில் எழுந்து போகக் கூடாது. நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு சீமாட்டி இருப்பார், அவர் தட்டினால் தட்டவேண்டும், அவர் நிறுத்தினால் நிறுத்தவேண்டும். மோவாயில் கை வைத்து, லேசாக வயிறு வலிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளவேண்டும். உயர்ந்த ரசனைக்கு அதுதான் அடையாளம். மிக முக்கியமாக, வாயே திறக்கக் கூடாது. முனியசாமியின் ரூம்மேட் ஐயப்பன், எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரியவேண்டாமா என்று கேட்டார். அதெல்லாம் தெரிந்தவர்கள் பின்வரிசையில் உட்காருவார்கள் என்று விஜயபாஸ்கர் விளக்கம் அளித்தார்.

டிசம்பர் இருபது, சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்குக் கேம்ப் பஸ்ஸை இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, முப்பத்தொன்பது நிர்வாகிகளும் நடந்து போனார்கள். கோட்டு கிடைத்ததே தவிர, கால் அளவுக்கு ஷூ கிடைக்கவில்லை. சேஃப்டி ஷூவுக்கே கறுப்புப் பாலிஷ் போட்டு மாட்டியிருந்தார்கள். பளிங்குத் தரையில் அவர்கள் நடந்து வந்த சத்தத்துக்கு வரவேற்பில் நின்ற பெண்கள் தாமாகவே நேராக நின்றார்கள். நானும் பிரதிநிதிக் குழுவின் செயலாளர் என்ற முறையில் சர்க்குலர் ஃபைலோடு மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்குத் திரை தூக்கினார்கள். கதை ஒரு கடிகாரக்காரரின் மகளைப் பற்றியது. பண்டிகைக்கு முதல்நாள் கடிகாரத்திலிருந்து பன்னிரண்டு மணிகளும் பெண்களாக இறங்கி வந்து அவளோடு ஆடுகின்றன. ஆட்டம் முடிந்து பதினொரு மணிகள் கடிகாரத்துக்குள் திரும்பிவிடுகின்றன. பன்னிரண்டாவது மணி போக மறுக்கிறது. இந்த இடத்தில் விஜயபாஸ்கர் தூங்கிவிட்டார். எனக்கும் சரியாகப் புரியவில்லை. ஆனால் எங்கள் முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. டியூட்டி முடிந்து வெளியே வந்தவளை மறுபடி உள்ளே கூப்பிட்டால் யார்தான் போவார்கள் என்று ஐயப்பன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

முனியசாமி அந்தப் பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கால்விரல் நுனியில் முழு உடம்பையும் நிறுத்தி அவள் சுற்றினாள். ஒன்று, இரண்டு என்று பதினாறுவரை போனது. முப்பதாவது மாடியில் ஒற்றைக் குழாய் மேல் நின்று வேலை பார்க்கிறவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். அவள் நின்றதும், சீமாட்டியைப் பார்க்காமலே படபடவென்று தட்டிவிட்டார். டைரக்டரே தட்டுகிறார் என்று முன்வரிசை தட்டியது. முன்வரிசையே தட்டுகிறது என்று சீமாட்டி தட்டினார். பிறகு அரங்கமே தட்டியது.

இடைவேளை இருபது நிமிஷம். விஜயபாஸ்கர் எழுந்திருக்கவில்லை. முனியசாமி நேரே என்னிடம் வந்தார்.

"பாய், அந்த சர்க்குலர்ல சகல காரியங்களுக்கும்னு போட்டிருக்கீங்களாமே. அதுல லீவும் சேர்த்தியா?"

ஃபைலைத் திறந்து பார்த்தேன். சகல காரியங்களுக்கும் என்றுதான் இருந்தது. எந்தக் காரியமும் நீங்கலாக என்று இல்லை.

"எழுதினது நான். அர்த்தம் சொல்றது என் வேலை இல்லை, முனியசாமி" என்றேன்.

"நிகழ்ச்சி முடியுறவரைக்கும் டைரக்டர் நான்தானே?"

"கருதப்படுவீங்க."

அவர் கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். மூன்று மாதமாக மடித்து மடித்துத் தாள் துணிபோல ஆகியிருந்தது. என் பேனாவை வாங்கி, காலிக் கட்டத்தில் 'முனியசாமி' என்று முழுப் பெயரையும் தமிழில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதினார். என் பையில் எப்போதும் இருக்கும் ரப்பர் ஸ்டாம்பை நான் அதன்மேல் அழுத்தினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், கையெழுத்து இருந்தால் ஸ்டாம்பு வைப்பது என் பதினெட்டு வருஷப் பழக்கம்.

விஷயம் இரண்டு நிமிஷத்தில் பரவிவிட்டது. தாள் கொண்டுவராதவர்கள் நிகழ்ச்சி நிரல் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கொண்டுவந்தார்கள். முன்னால் ஒற்றைக் காலில் நிற்கும் பெண்ணின் படம். பின்னால், ஐயா, இரண்டு வருஷமாக ஊருக்குப் போகவில்லை. ஒரு தூணுக்குப் பக்கத்தில் வரிசை நின்றது. முனியசாமி படித்துப் படித்துக் கையெழுத்துப் போட்டார். பத்துப் பேருக்குப் போட்டார். நாலாவது ஆளுக்குப் பிறகு படிப்பதை விட்டுவிட்டார். ஏழாவது ஆளுக்குப் பிறகு முகத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

கடைசியில் ஐயப்பன் வந்தார்.

"நீ போன வருஷம்தானே போயிட்டு வந்த?" என்றார் முனியசாமி.

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்டா."

"எல்லாரும் ஒரே நேரத்துல போனா சைட்டை யார் பார்க்கிறது? பரிசீலிக்கலாம்."

ஒரே ரூமில் ஒன்பது வருஷமாக மேல்கட்டிலில் படுப்பவரிடம் இதைச் சொன்னார். ஐயப்பன் புத்தகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அரங்கத்தின் சார்பில் ஒரு பெண் ஃபைலோடு வந்தாள். பெயர் சப்ரீனா. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு டைரக்டரிடம் இங்கிலீஷில் நிறைய நன்றி சொன்னாள். முனியசாமி ஒத்திகைப்படி வாயே திறக்கவில்லை. மோவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய மனிதரை அவள் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டாள். பேச்சைச் சுருக்கிக்கொண்டு, மரபுப் பங்காளர் ஒப்பந்தம் என்று ஒன்றை நீட்டினாள். பன்னிரண்டு பக்கம். இடைவேளை முடியும் மணி அடித்தது. முனியசாமி கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு சுழி சுழித்துக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை முழுப் பெயர் இல்லை. நான் ஸ்டாம்பு வைத்தேன்.

திங்கட்கிழமை காலை பதினொரு லீவுத் தாள்களும் ஒப்பந்த நகலும் விஜயபாஸ்கர் மேஜைக்கு வந்தன. அவர் கோபப்படவில்லை, கோபப்படும் கட்டத்தைத் தாண்டி வெளிறிப்போயிருந்தார். இதெல்லாம் செல்லாது என்று ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். என்ன காரணம் போடட்டும் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டவர் டைரக்டர் இல்லை என்று போடச் சொன்னார்.

"போடலாம், சார். ஆனா சனிக்கிழமை மொத்த நிர்வாகமும் வந்து சிறப்பிச்சதா அரங்கத்துக்காரங்க நன்றிக் கடிதம் அனுப்பியிருக்காங்க. அதை நீங்க சேர்மனுக்கு அனுப்பிட்டீங்க. அவர் டைரக்டர் இல்லேன்னா, வந்தது யாருன்னு சேர்மன் கேப்பாரு."

விஜயபாஸ்கர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு பதினொரு தாள்களையும் என் பக்கம் தள்ளினார்.

முனியசாமி ஊருக்குப் போனார். தை ஏழாம் தேதி அகிலா கல்யாணம் நடந்தது. மணமேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் போட்டோ எனக்கு வந்தது. வேட்டி, சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. அந்தப் போட்டோவைப் பார்த்தபோது என் உத்தியோகத்தில் நான் வைத்த ஸ்டாம்புகளில் ஒன்றாவது உருப்படியாக விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் டைரக்டர் திரும்பி வந்து ஒப்பந்தத்தைப் படித்தார். அவர் ஒரு தாளைப் படித்ததை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஒன்பதாவது பிரிவின்படி, நிறுவனம் ஐந்து வருஷத்துக்கு ஒவ்வொரு டிசம்பரும் முன்வரிசையில் கலந்துகொள்ளவேண்டும். ஆட்கள் மாறிக்கொண்டிருந்தால் அது மரபு ஆகாது என்பதால், அதே நாற்பது பேர் வரவேண்டும். கீழே அவருடைய பதவிக்கு நேரே ஒரு தமிழ்க் கையெழுத்து. ஒரு கணம் திகைத்தாரே தவிர, உடனே சந்தோஷப்பட்டார். தாம் கண்ட கனவு தாம் ஊரில் இல்லாதபோதே நிறைவேறிவிட்டது என்றார். விஜயபாஸ்கருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

பிறகு ஒரு சர்க்குலர். அடித்தது நான்தான். பாரம்பரியப் பிரதிநிதிகள் முப்பத்தொன்பது பேருக்கும், அவர்களின் செயலாளருக்கும், நவம்பர் பதினைந்து முதல் ஜனவரி பதினைந்துவரை எக்காரணம் கொண்டும் லீவு கிடையாது. வாராந்திர விடுமுறை நாளில் மெஸ்ஸில் ரசிப்புப் பயிற்சி நடக்கும். பிரதிநிதி சகல காரியங்களுக்கும் அதிகாரியாகக் கருதப்படுவார், காகிதத்தில் செய்யும் காரியங்கள் நீங்கலாக. செயலாளர் என்பது நான் என்று டைப் அடித்து முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. டிசம்பரில் என் தம்பி வீட்டு நிக்காஹ் இருந்தது.

ஐயப்பன் மட்டும் முனியசாமியிடம் நேராகவே கேட்டாராம், இனி அஞ்சு வருஷத்துக்கு டிசம்பர்ல ஒருத்தனும் ஊருக்குப் போக முடியாதபடி எழுதிக் கொடுத்திருக்கியே, படிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா என்று. டைரக்டர்னா யாரு படிக்கிறா என்று முனியசாமி சொல்லியிருக்கிறார். சிரிப்பதற்காகச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் ஒரே ரூமில் பேசாமல் இருந்தார்கள்.

அகிலா உண்டானாள். பிரசவம் டிசம்பர் மூன்றாம் வாரம் என்று டாக்டர் சொன்னார். முனியசாமி லீவுக்கு எழுதினார். மூத்த நிர்வாகிகளுக்குப் பண்டிகைக் காலத்தில் விடுப்பு வழங்குவதற்கில்லை என்று பதில் அடித்துக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "மூத்த நிர்வாகிங்க எல்லாம் ஏற்கெனவே போயிட்டாங்களே பாய்" என்றார். அது உண்மைதான். டைரக்டர் எட்டாம் தேதியே பாலே பார்க்க ஊருக்குப் போயிருந்தார்.

இந்த இரண்டாம் வருஷம் அரங்கம் முன்னைவிடக் கோலாகலமாக இருந்தது. எங்கள் மரபின் புகழ் பரவி, வேறு பல நிறுவனங்களும் வரிசை வரிசையாக எடுத்திருந்தன. கடைசி வரிசைவரை கோட்டுகள். விஜயபாஸ்கருக்கு இந்தத் தடவை லீவு கிடைத்துவிட்டது; ஆகவே அவருக்குப் பதிலாகவும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போய் உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றி அத்தனை பேரும் மோவாயில் கை வைத்து, வயிறு வலிக்கும் முகத்தோடு, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தார்கள். இவ்வளவு உயர்ந்த ரசிகர்களுக்கு நடுவே எங்கள் ஆட்கள் கொஞ்சம் கூனிக் குறுகித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அதே கதை, அதே பன்னிரண்டு மணி. அந்தப் பெண் சுற்ற ஆரம்பித்தபோது முனியசாமியின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். பிறகு பயிற்சியை மறந்து, நடைவழிக்கு அந்தப் பக்க நாற்காலியில் இருந்த வேறொரு நிறுவனத்தின் துணைத் தலைவர் பக்கம் திரும்பி, தமிழிலேயே சொல்லிவிட்டார்.

"பேத்தி பொறந்திருக்குங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். துணைத் தலைவர் மோவாயிலிருந்து கையை எடுத்தார்.

"அப்படியா, சந்தோஷம்ணே. எந்த ஊரு நீங்க?"

"கமுதி."

"நான் பரமக்குடி. உங்க கேம்ப்புக்கு ரெண்டு தெரு பின்னாடிதான் எங்க கேம்ப்."

அவருக்கு அடுத்து இருந்த நிதி ஆலோசகர் எட்டிப் பார்த்து, போட்டோ வந்திருந்தால் காட்டச் சொன்னார். பின்வரிசையில் இருந்த இரண்டு தலைமைச் செயல் அதிகாரிகள் ஹிந்தியில் வாழ்த்துச் சொன்னார்கள்; அவர்கள் அல் ஐனில் பைப் லைன் போடுகிறவர்கள். போன் கைமாறிக் கைமாறி ஏழாம் வரிசைவரை போனது. ஐயப்பனிடம் வந்தபோது அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, மூக்கு உன்னை மாதிரியே சப்பை என்றார். பத்து மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலிகளுக்கு அடியில், கண்ணுக்கு எட்டியவரை, பாலிஷ் போட்ட சேஃப்டி ஷூக்கள்.

இடைவேளையில் சப்ரீனா வந்தாள். நகரத்தின் அத்தனை பெரிய நிர்வாகிகளும் திரண்டு வந்திருக்கிறார்கள் என்று பத்திரிகைக்குக் குறிப்பு எழுதவேண்டும், உதவுங்கள் அங்கிள் என்றாள். எழுதிக் கொடுத்தேன். அந்த மாதிரி வாக்கியங்கள் என்னிடம் தயாராகவே இருக்கும். கொடுத்துவிட்டு, மேடையில் ஆடுகிறவர்களாவது நிஜமா என்று கேட்டேன்.

"அவங்க நிஜம்தான், அங்கிள்" என்றாள். "பாவம், அவங்களுக்கும் பண்டிகைக்கு வீட்டுக்குப் போகணும்னுதான். லீவு சாங்ஷன் ஆகலையாம்."